இலை மடிப்புக்குள்ள புகுந்து புழுவைத் தின்னும் வண்டு! நெல்லுக்கு மருந்து அடிக்கிறதுக்கு முன்னாடி பாருங்க

[காட்சி: நீளவாக்கில் மடிந்த நெல் இலை, மிக அருகில்]

இலையை நூலால தைச்சு, உள்ள உட்கார்ந்து பச்சையத்தைச் சுரண்டிட்டிருக்கு இலைச்சுருட்டுப் புழு. இனி யாரும் தொட முடியாதுன்னு அதுக்கு நினைப்பு. ஆனா ஒருத்தர் அந்த மடிப்புக்குள்ளயே நுழைஞ்சிடுவார்.

ஒஃபியோனியா நைக்ரோஃபாசியாட்டா. வாயில நுழையலைன்னா தரை வண்டுன்னே வச்சுக்கலாம். ஆசிய நெல் வயல்கள்ல இருக்கிற இனம். ஒரு நாளைக்கு 3 முதல் 5 புழு வரைக்கும் காலி பண்ணும். கறுப்பா பளபளன்னு இருக்கிற அதோட குஞ்சுப் புழுவுக்கும் இதே வேலைதான். வளர்ந்த வண்டு, நெல் தண்டுல சாறு உறிஞ்சுற புகையான் பூச்சியையும் விடாது.

[காட்சி: இரண்டு வண்டுகள் பக்கத்துப் பக்கத்தில்]

இப்பதான் முக்கியமான இடம், ஸ்கிப் பண்ணிடாதீங்க. அதே வயல்ல பீடெரஸ்னு இன்னொரு வண்டும் ஓடும். ரெண்டும் செம்மஞ்சளும் கறுப்பும் கலந்து, எறும்பு மாதிரி ஒல்லியா இருக்கும். முதுகைப் பாருங்க. தரை வண்டுக்கு மேலிறகு வயித்தை ஏறக்குறைய முழுசா மூடியிருக்கும். பீடெரஸுக்கு நீல நிறத்துல குட்டை இறகு. அதுக்குக் கீழ வயித்து வளையங்கள் வெளிய தெரியும், வால் நுனி கறுப்பு. பீடெரஸை உடம்புல வச்சு நசுக்கினா பீடெரின்ங்கிற நஞ்சு தோல்ல படும். உடனே ஒண்ணும் தெரியாது. ஓரிரு நாள்ல தீப்பட்ட மாதிரி கொப்புளிக்கும். அதனால மேல ஏறினா அடிக்காம ஊதித் தள்ளிட்டு, சோப்பு போட்டுக் கழுவுங்க. அதுவும் பூச்சி தின்னிதான், கொல்ல வேண்டாம்.

மருந்துக்கு வருவோம். வெளுத்த இலையை எண்ணிட்டு நேரா கடைக்கு ஓடுறதுதான் நிறைய பேர் பண்ற தப்பு. மடிப்பைப் பிரிங்க. புழு இல்லாம எச்சம் மட்டும் காய்ஞ்சு கிடந்தா, அந்த இலைக்கு அடிக்கிற மருந்து வீண். பயிர் வளர்ற பருவத்துல 10 சதவீத இலை, பூக்கிற பருவத்துல 5 சதவீத கண்ணாடி இலை (கதிருக்கு முன்னாடி கடைசியா வர்ற இலை) பாதிச்சிருந்தாதான் அடிக்கிறதைப் பத்தியே யோசிக்கணும். அப்பவும் சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் வேண்டாம். இந்த வண்டு, சிலந்தி எல்லாம் செத்து, பின்னாடியே புகையான் பெருகிடும். புழுவுக்கு ஒரு செலவு, புகையானுக்கு இன்னொரு செலவு!

யூரியா கூடினா இந்தப் புழுவும் கூடும், அதனால மொத்தமா கொட்டாம பிரிச்சுப் போடுங்க.

வரப்பு? புல்லை அறுங்க, இலைச்சுருட்டுப் புழு அதுலயும் வளரும். ஆனா வரப்பு மண்ணை மருந்தால நனைக்காதீங்க. நன்செய்ல இந்த வண்டு கூட்டுப்புழுவா இருக்கிறது அங்கதான். உங்க வயல்ல மடிப்பைப் பிரிச்சுப் பார்த்து, உள்ள எது இருந்துச்சுன்னு கமென்ட்ல போடுங்க.