குலுக்கலில் இடம் தரும் கறாரான பள்ளிகள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு பள்ளியைப் பற்றி விசாரிக்கும்போது, அங்கே இடம் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்றுதான் முதலில் கேட்கிறோம். நுழைவு கடினமென்றால் படிப்பும் உயர்வாக இருக்கும் என்று நம்பிவிடுகிறோம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் இந்த நம்பிக்கையை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள்.

1635-இல் தொடங்கிய பாஸ்டன் லத்தீன் பள்ளி அங்கே இருக்கிறது. நெடுங்காலமாகத் தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்த்துவந்த அரசுப் பள்ளி அது. அதே நகரில் சார்ட்டர் பள்ளிகளும் உண்டு. அவை அரசுப் பணத்தில் நடப்பவை, கட்டணம் கிடையாது. ஆனால் ஆசிரியர் நியமனம், பள்ளி நேரம், பாடமுறை எல்லாவற்றையும் பள்ளியே முடிவு செய்துகொள்ளும். சரியாக நடத்தாவிட்டால் அனுமதி போய்விடும். மதிப்பெண் பார்த்துச் சேர்க்கவும் முடியாது. விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல்தான்.

பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் ஜோஷுவா ஆங்ரிஸ்டும், இன்னொரு பொருளியலாளரான பராக் பதக்கும், மற்ற ஆய்வாளர்களோடு சேர்ந்து, குலுக்கலில் இடம் கிடைத்த பிள்ளைகளைக் கிடைக்காதவர்களோடு ஒப்பிட்டார்கள். இரண்டு தரப்பிலும் பெற்றோர் விரும்பி விண்ணப்பித்தவர்களே. ஆகவே ‘அக்கறையுள்ள வீட்டுப் பிள்ளைகள், அதனால் படிக்கிறார்கள்’ என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது. சார்ட்டர் பள்ளிக்குப் போனவர்கள், குறிப்பாகக் கணக்கில், வெகுவாக முன்னேறியிருந்தார்கள். பலர் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள். அப்புறம், தேர்வுப் பள்ளிகளில் கட்-ஆஃப் மதிப்பெண்ணைத் தொட்டு நுழைந்தவர்களையும் மயிரிழையில் தவறவிட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். பின்னால் எழுதிய தேர்வுகளில் பெரிய வித்தியாசமே இல்லை!

எல்லா சார்ட்டர் பள்ளியும் இப்படி என்று நான் சொல்லமாட்டேன். பாஸ்டன் இருக்கும் அதே மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நகர்ப்புறங்களுக்கு வெளியே உள்ளவற்றில் இந்தப் பலன் தெரியவில்லை. பலன் தந்த பள்ளிகளில் நீண்ட பள்ளி நேரம், பின்தங்கும் பிள்ளைக்குத் தனிப்பயிற்சி, கறாரான ஒழுங்கு இவை பொதுவாக இருந்தன. அந்தக் கறார் எல்லை மீறும் இடங்களும் உண்டு, அதை என்னால் ஏற்க முடியவில்லை. சின்னத் தவறுக்கும் பிள்ளையை இடைநீக்கம் செய்கிறார்கள். விலகிப்போன பிள்ளையின் இடத்தைச் சில பள்ளிகள் மேல்வகுப்புகளில் நிரப்புவதுமில்லை. சேர்ந்தவர்களில் எத்தனை பேர் கடைசிவரை இருந்தார்கள் என்று கேட்காமல் தேர்ச்சி விகிதத்தை நம்பக்கூடாது.

எனக்கு மிகவும் பிடித்தது ஹூஸ்டனில் நடந்ததுதான். 2010 முதல், பின்தங்கிய 20 சாதாரண அரசுப் பள்ளிகளில் ரோலண்ட் ஃபிரையர் என்ற பொருளியலாளர் இதே முறைகளைக் கொண்டுவந்தார். குலுக்கலும் இல்லை, தேர்வும் இல்லை. அங்கே ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள்தான். பள்ளி நேரம் கூடியது, தலைமையாசிரியர்கள் பலர் மாறினார்கள், சில வகுப்புகளுக்குத் தினமும் கணக்கில் தனிப்பயிற்சி கிடைத்தது. வாசிப்பில் பெரிய மாற்றம் வரவில்லை. ஆனால் கணக்கில் அந்தப் பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். இதற்குக் கூடுதல் பணம் வேண்டும்தான். புதுப் பள்ளி திறப்பதற்கு முன், இருக்கும் பள்ளிக்கு அந்தப் பணத்தைக் கொடுங்கள் என்றுதான் நான் கேட்பேன்.

நன்றி, வணக்கம்.