பத்தாயத்துச் சாவி

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் அப்பாயிக்கு, அதாவது அப்பாவின் அம்மாவுக்கு, பிறந்த தேதி என்று ஒன்று கிடையாது. "மேட்டூர் டேமு தொறந்த வருசம் பொறந்தவ" என்றுதான் வீட்டில் சொல்வார்கள். அணை திறந்தது 1934. அந்தக் கணக்குப்படி, 2024இல் கண்மூடியபோது அவருக்குத் தொண்ணூறு வயது. கல்யாணமாகித் தஞ்சாவூர்ப் பக்கத்து வீடு ஒன்றுக்கு வந்தவர், கடைசிவரை அந்த வீட்டை விட்டு அதிகம் வெளியே போனதில்லை. அவரைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டதும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது நெல்தான்.

வயலின் பட்டா தாத்தா பெயரில் இருந்தது. பத்தாயத்தின் சாவி அப்பாயியின் இடுப்பில் இருந்தது. பத்தாயம் பார்த்திராத இளையவர்களுக்காகச் சொல்கிறேன்: ஆள் உயரத்துக்கும் மேலே, பலகைகளை அடுக்கடுக்காகப் பூட்டிச் செய்த பெரிய நெல் பெட்டி அது. மேலே கொட்டுவார்கள், கீழே இருக்கும் சின்னக் கதவு வழியாக எடுப்பார்கள். எங்கள் வீட்டுப் பத்தாயம் அறுபது கலம் பிடிக்கும்; கலம் என்பது அந்தக் காலத்து நெல் அளவை. தையில் சம்பா அறுத்து உள்ளே போனால், அடுத்து நெல் வீட்டுக்கு வருவது குறுவை அறுக்கும் புரட்டாசியில்தான். அதுவரை வீட்டுச் சாப்பாடு, நடவுக்கும் களைக்கும் கூலி நெல், வருகிற போகிற விருந்தாளி, அத்தைகளின் பிரசவம் எல்லாம் அந்தச் சின்னக் கதவு வழியாகத்தான் நடக்கவேண்டும்.

அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மாதக் கடைசியில் பத்தாயத்தின் மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பார். நெல் எந்த மட்டத்துக்கு இறங்கியிருக்கிறதோ அங்கே உள்பலகையில் ஒரு கரிக்கோடு. போன வருடக் கோட்டுக்கும் இந்த வருடக் கோட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தே, ஆவணியில் கை கடிக்குமா என்று வைகாசியிலேயே சொல்லிவிடுவார். இடைவெளி கூடினால் அன்று ராத்திரியிலிருந்து கேப்பங்களி. யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

நெல் அவிக்கிற நாள் எனக்குத் திருவிழா. முதல் நாளே ஊறப்போட்ட நெல்லை விடியுமுன் அண்டாவில் ஏற்றிவிடுவார். ஆவி மேலே வந்ததும் ஒரு பிடி அள்ளிப் பார்ப்பார். உமி லேசாக வாய் பிளந்திருக்கவேண்டும். அதற்கு மேல் விட்டால் சோறு குழையும். களத்தில் கொட்டிக் காலால் துழாவி விடுவது எங்கள் வேலை. காய்ந்துவிட்டதா என்று பார்க்க அவருக்குப் பல் போதும். ஒரு நெல்லைக் கடைவாயில் வைத்துக் கடிப்பார். நசுங்கினால் இன்னும் வெயில் வேண்டும். 'டக்'கென்று உடைந்தால் உடனே அள்ளவேண்டும். "இன்னம் ஒரு நாழி கெடந்தா அம்புட்டும் நொய்யாப் போயிரும் பாப்பா" என்று விரட்டுவார். அளவு மீறிக் காய்ந்த நெல் மில்லில் உடைந்துவிடும். இந்தப் பதத்தை அவருக்கு யாரும் பாடமாக நடத்தவில்லை. அவித்து அரைத்ததில் எதுவும் வீணாகாது. தவிடு மாட்டுக்கு, குருணை கஞ்சிக்கும் கோழிக்கும், உமி அடுப்புக்கு, அதில் எரிந்த கரி மறுநாள் எங்கள் பல்லுக்கு.

அறுபதுகளில் புது நெல் வந்தது. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் தந்த ஆடுதுறை 27. திருச்சி வானொலியின் பண்ணைச் செய்திகளில் அதைப் பற்றிச் சொல்லிச் சொல்லி, தஞ்சை மாவட்டத்து ஜனங்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். சாயங்காலம் பஞ்சாயத்து ரேடியோவைச் சுற்றி ஆண்கள் உட்கார்ந்து கேட்டுவிட்டு வருவார்களாம். தாத்தா மொத்த வயலிலும் போட்டுவிடலாம் என்று துடித்திருக்கிறார். அப்பாயி ஒரு மா நிலத்தில், அதாவது ஏக்கரில் சுமார் மூன்றில் ஒரு பங்கில், மட்டும் போடச் சொன்னார். விளைந்து வந்ததும் அவித்து, குத்தி, வடித்து, மீதிச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தார். காலையில் பழையதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு: "வெளைச்சல் இருக்கு. பழையதுக்கு ஆவாது." அதன்பிறகு எங்கள் வீட்டில் குறுவைக்கு ரேடியோ நெல், அது விற்பனைக்கு, சம்பா பத்தாயத்துக்கு, அது வாய்க்கு. ஒரு புது ரகத்தை ஏற்பதா வேண்டாமா என்று இவ்வளவு நிதானமாக முடிவெடுத்தவரை விவசாயி என்று யாரும் சொன்னதில்லை. எனக்கு அதில் இன்றும் வருத்தம் உண்டு.

1952 நவம்பர் கடைசியில் நாகப்பட்டினம் பக்கம் கரையேறிய புயலை அவர் அடிக்கடி சொல்வார். புதுப் பெண்ணாக இருந்த காலம். கதிர் வாங்குகிற பருவத்தில் சம்பா முழுதும் தண்ணீரில் படுத்துவிட்டது. அந்தத் தையில் பத்தாயம் பாதிகூட நிறையவில்லை. அப்போது மாமியார் கையில் இருந்த சாவியை, அந்த வருடம்தான் இவரிடம் கொடுத்தார்களாம். நல்ல வருடத்தில் கொடுக்காமல் பஞ்ச வருடத்தில் கொடுத்தார்களே என்று நான் கேட்டேன். "அப்பத்தானே கத்துக்க முடியும்" என்றார்.

1972இல் தமிழ்நாடு அரசின் நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தது. பிறகு அதன் நெல் கொள்முதல் நிலையம் பக்கத்திலேயே வந்தது. களத்திலிருந்து நெல் நேரே அங்கே போனது, அரிசி கடையிலிருந்து வந்தது. பத்தாயத்தைப் பிரித்துப் பலகைகளைப் பரணுக்குப் போட்டோம். பிரிக்கச் சொன்னதே அப்பாயிதான். காலிப் பெட்டியில் எலி குட்டி போடும் என்றார். ரேஷன் அரிசியையும் ஒரு குறை சொன்னதில்லை. முறத்தில் போட்டுப் புடைத்து, கல் பொறுக்கி, நல்லதைச் சோற்றுக்கும் உடைசலை இட்லிக்கும் பிரித்துவைப்பார்.

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. வெளிநாட்டில் வேலை பார்த்த கணவரின் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்து. வீட்டைக் கவனித்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் அதில் இருக்கிறது, ஆகவே அவருக்கும் சம பங்கு உண்டு என்ற தீர்ப்பு. பேப்பரில் வந்ததை அப்பாயிக்குப் படித்துக் காட்டினேன். கண் மங்கியிருந்ததே தவிரக் காது நன்றாகக் கேட்டது. கேட்டுவிட்டு, வாய்க்கால் ஓரம் தாத்தா வாங்கிய மூன்று மா நிலத்தின் பேச்சை எடுத்தார். அதை வாங்கியபோது தாத்தாவிடம் பாதிப் பணம்தான் இருந்ததாம். "மீதிக்கு நான் பதினெட்டுக் கலம் எடுத்துக் குடுத்தேன். மூணு வருசமா மிச்சம் புடிச்சது. கோட்டுக்குக் கீழ விட்டு வெச்சிருந்தேன், உங்க தாத்தாவுக்கே தெரியாது" என்றார். அந்த மூன்று வருடக் கேப்பங்களிக்கு அன்றைக்குத்தான் எங்களுக்குக் காரணம் தெரிந்தது.

அந்த மூன்று மாவில் இந்த வருடமும் சம்பா நட்டிருக்கிறோம். தாத்தா காலத்துக்குப் பிறகு பட்டாவில் அப்பா பெயரும் சித்தப்பா பெயரும் மட்டும் ஏறியிருக்கின்றன. அத்தைகள் இருவர் பெயரையும் சேர்க்கவேண்டும் என்று, அப்பாயியின் பதினாறாம் நாள் காரியத்தன்று எல்லோரும் கூடியிருந்தபோது கேட்டேன். அப்பா சரி என்றார். சித்தப்பா, தை அறுப்பு முடியட்டும், தாலுகா ஆபீசுக்குப் போவோம் என்றிருக்கிறார்.

நன்றி, வணக்கம்.