கேட்டாரா, கேட்கவில்லையா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

அரசியலில் இறங்கியவரின் இல்லறம் ஆட்டம் காண்பது போராட்டத்தாலா, வீட்டாரைக் கலக்காமல் எடுக்கும் முடிவாலா? இதுதான் தலைப்பு. கொடி பிடித்தவனெல்லாம் குடும்பத்தைத் தொலைத்தவன் என்று எதிரணித் தலைவர் ஒரே போடாகப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். சரி, ஒரு வீட்டுக்குள் போய்ப் பார்ப்போம்.

கணவர் வட்டச் செயலாளர். தேர்தல் நேரம். துவைக்கப் போடுவதற்காக அவருடைய வெள்ளைச் சட்டையை எடுத்து மனைவி பையைத் துழாவுகிறார். கசங்கிய துண்டறிக்கை, ரெண்டு விசிட்டிங் கார்டு, அப்புறம் ஒரு அடகுச் சீட்டு. சீட்டில் இருப்பது அந்த அம்மாவின் இரட்டை வடச் சங்கிலி. அன்று ராத்திரி நடக்கிற சண்டை கட்சியைப் பற்றியா? இல்லை ஐயா! "கேட்டிருந்தா நானே கழட்டிக் குடுத்திருப்பேனே" என்கிறார். வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டவர், போஸ்டருக்குப் பசை காய்ச்சியவர். அவருக்குக் கட்சி என்ன சக்களத்தியா?

காந்தி வீட்டுக்கே வாருங்கள். 1913-ல் தென்னாப்பிரிக்காவில் நீதிபதி சியர்ல் தீர்ப்புச் சொன்னார்: கிறித்தவ முறைப்படி நடக்காத, பதிவாகாத திருமணம் செல்லாது. தாலி கட்டிய நம் பெண்கள் சட்டத்தின் கண்ணில் மனைவிகளே இல்லை என்றாகிவிட்டது. அதை எதிர்த்துப் பெண்களும் சிறை போகட்டும் என்று முடிவெடுத்த காந்தி, அங்கே தாம் அமைத்திருந்த பீனிக்ஸ் பண்ணையில் மற்றவர்களிடம் பேசினார், கஸ்தூரிபாவிடம் பேசவில்லை. கணவர் சொல்கிறாரே என்று தலையாட்டிவிடுவாரோ என்ற தயக்கம். பேச்சு அந்த அம்மா காதில் விழுந்தது. என்னிடம் ஏன் சொல்லவில்லை, சிறைக்குப் போக எனக்கு என்ன குறை என்று நேராகக் கேட்டுவிட்டார். இதை எழுதி வைத்தவர் காந்தியேதான். கஸ்தூரிபாவுக்குக் கிடைத்தது மூன்று மாதக் கடுங்காவல். ஆனால் அவர் மனத்தாங்கல் சிறையைப் பற்றியதா? தன்னை விட்டுவிட்டுப் பேசியதைப் பற்றியது!

விடுதலைப் போராட்டத் தலைவர் ஜெயப்பிரகாஷ் நாராயணன் கதையை எதிரணி கையில் வைத்திருப்பது தெரியும். நானே சொல்லிவிடுகிறேன். அவர் அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தபோது, காந்தி ஆசிரமத்தில் இருந்த அவர் மனைவி பிரபாவதி பிரம்மச்சரிய விரதம் ஏற்றார். 1929-ல் கணவர் திரும்பி வந்தார், மார்க்சியவாதியாக. அவருக்கு வலித்தது உண்மை. எது வலித்தது, மனைவி உடுத்திய கதரா? இரண்டு பேர் வாழ்க்கையை, ஒருவர் கடல் தாண்டி இருக்கும்போதே தீர்மானித்ததுதானே வலி? கொள்கை வேற்றுமைதான் காரணம் என்றால் அந்த வீடு அன்றே உடைந்திருக்க வேண்டும். 1973-ல் பிரபாவதி கண்மூடும்வரை உடையவில்லையே!

எதிரணி அம்மையார் மடக்கினார்: "கேட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டால்?" நல்ல கேள்வி. அப்போது உட்கார்ந்து வாதாட வேண்டும், சில சமயம் தோற்கவும் வேண்டும். மேடையேறி ஆயிரம் பேரை மாற்றுகிற ஆளுக்கு அடுப்படியில் ஒருவரிடம் தோற்கப் பயம். அந்தப் பயத்தைப் போராட்டத்தின் கணக்கில் எழுதாதீர்கள் என்றுதான் நடுவரிடம் கேட்கிறேன். மணி அடித்துவிட்டீர்கள். நன்றி, வணக்கம்.