எட்டு மணி வகுப்பு

நடுவர் அவர்களே, இந்த மழையிலும் குளிரிலும் வந்து உட்கார்ந்திருக்கும் கோத்தகிரி மக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"இணைய வகுப்பில் ஆசிரியர் மாணவர் உறவு வளருமா, தளருமா?" இதுதான் இன்றைய தலைப்பு. வளரும் என்ற அணியில் நிற்கிறேன். 21 வருடமாகக் கணக்கு டீச்சர். பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பாடம் நடத்தியே பழகியவள். அதனால் எதிரணி சொல்லும் வலி எனக்கும் தெரியும்.

எதிரணித் தலைவர் நன்னூலோடு வந்தார். மாணவன் ஆசிரியரின் "குணத்தொடு பழகி அவன் குறிப்பின் சார்ந்து" கற்க வேண்டும் என்கிறாரே பவணந்தி முனிவர், போனில் தெரியும் கறுப்புக் கட்டத்தில் எந்தக் குணத்தோடு பழகுவது, எந்தக் குறிப்பைச் சார்வது என்று கேட்டார். நல்ல கேள்வி. நீங்களும் கை தட்டினீர்கள். ஆனால் ஐயா, அதே சூத்திரத்தில் நான்கு வரி தள்ளிப் போனால் "செவி வாயாக நெஞ்சு களனாக" என்று வருகிறது. காதே வாயாக இருந்து பாடத்தை உண்ண வேண்டும், நெஞ்சு அதை வாங்கி வைக்கும் இடமாக வேண்டும். செவியும் நெஞ்சும் போனில் எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தது ஒரு பத்தாம் வகுப்புப் பெண்.

2020 மார்ச்சில் பள்ளி மூடியது. ஜூனில் எனக்குப் பத்தாம் வகுப்பு. பதிவேட்டில் 34 பிள்ளைகள், முதல் நாள் கூகுள் மீட்டில் வந்தது 11 பேர். எதிரணித் தங்கை சொன்ன சிக்னல் கதையெல்லாம் நிஜம்தான். ஒரு பையன் ஊருக்கு மேலே கற்பூர மரங்களைத் தாண்டி ஒரு மேட்டில் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு படுகர் ஊரில், அதான் நம் ஹட்டியில், மூன்று பிள்ளைகளுக்கு ஒரே போன். தோட்டத் தொழிலாளர் லயன் வீடுகள் சிலவற்றில் பட்டன் போன் மட்டும்.

முதல் மாதம் நான் செய்ததெல்லாம் தப்பு. வகுப்பறையில் நடத்துவதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து போனுக்குள் வைத்தேன். "எல்லாரும் கேமராவை ஆன் பண்ணுங்க" என்று அதட்டினேன். பின்னால் வீடு தெரியும், தம்பி அழுவது தெரியும், அடுப்படி தெரியும் என்று அந்தப் பிள்ளைகள் கூசியது எனக்கு உறைக்கவில்லை. "புரியுதா?" என்று கேட்பேன். நம் மலையில் சத்தம் போய்ச் சேரவே மூன்று நான்கு விநாடி ஆகும். பிள்ளை மியூட்டை எடுத்து வாயைத் திறப்பதற்குள் நான் அடுத்த கணக்குக்குப் போயிருப்பேன். அப்படி ஒரு மாதம் நடந்தால் உறவு தளரத்தான் செய்யும். அந்தப் பழி கருவிக்குச் சேராது, எனக்குத்தான் சேரும்.

ஒரு நாள் இரவு ஒன்பதரைக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ். தகரத்தில் மழை கொட்டும் சத்தம், அதற்குள் ஒரு கிசுகிசுப்பு. "டீச்சர், எனக்கு மட்டும் புரியல. குரூப்புல சொல்லிடாதீங்க. இறக்கக்கோணத்தை எந்தக் கோட்டுல இருந்து அளக்கணும்?" யார் என்று பெயரைப் பார்த்தேன். இரண்டு வருடம் என் வகுப்பில் கடைசி பெஞ்சில் இருந்தவள். அந்த இரண்டு வருடத்தில் அவளாக என்னிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை.

நானும் குரலிலேயே பதில் அனுப்பினேன். "கோடநாடு காட்சிமுனைக்குப் போயிருக்கியா கண்ணு? அங்கே நின்னு நேரா எதிரே பாரு. அது கிடைக்கோடு. அப்புறம் கண்ணைத் தாழ்த்திக் கீழே தெங்குமரஹாடா ஊரைப் பாரு. இந்த ரெண்டு பார்வைக்கும் நடுவுல இருக்கறதுதான் இறக்கக்கோணம்." பத்து நிமிடத்தில் கணக்கைப் போட்டு நோட்டைப் படம் எடுத்து அனுப்பினாள். விடை சரி. ஆனால் என் கண் விடையில் நிற்கவில்லை. தாள் பறக்காமல் ஓரத்தில் கட்டை விரலை வைத்து அழுத்தியிருந்தாள். அந்த விரலின் நுனியிலும் நக இடுக்கிலும் கருப்பாகக் கறை. இங்கே உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்கு அது என்ன கறை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பச்சைத் தேயிலை பறித்த கறை.

மறுநாள் கூப்பிட்டுப் பேசினேன். வீட்டில் வருமானம் குறைந்துபோனதால் அம்மாவோடு சேர்ந்து உறவினர் தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் போகிறாள். போன் அப்பாவுடையது, அவர் இரவு ஏழு மணிக்குத்தான் வீடு திரும்புவார். நான் காலை பத்து மணிக்கு வகுப்பு வைத்துவிட்டு, "ஆப்சென்ட்" என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

நடுவர் அவர்களே, வகுப்பறையில் எல்லோருக்கும் ஒரே பெஞ்ச், ஒரே சீருடை, ஒரே சுவர். அங்கே நான் பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். அவள் எங்கே உட்கார்ந்து படிக்கிறாள், எந்த நேரம் அவளுக்குச் சொந்தம் என்பதை இணைய வகுப்புதான் எனக்குக் காட்டியது.

அன்றைக்கே வகுப்பை இரவு எட்டு மணிக்கு மாற்றினேன். கேமரா அவரவர் விருப்பம். முதல் ஐந்து நிமிடம் பாடம் கிடையாது, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு "இன்னைக்கு உங்க பக்கம் மழை எப்படி, கரன்ட் இருக்கா?" என்று கேட்பேன். கேள்வி கேட்டால் மனதுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருப்பேன். ஐந்தைந்து பேராகச் சின்ன வாட்ஸ்அப் குழு. பட்டன் போன் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை நானே போன் போடுவேன். ஆகஸ்டு கடைசியில் 11 பேர் 26 ஆனார்கள். மீதி 8 பேரில் சிலரை என்னால் கடைசிவரை எட்ட முடியவில்லை, அதை இந்த மேடையில் மறைக்க மாட்டேன். ஆனால் அந்த உறவு போனும் சிக்னலும் இல்லாமல் அறுந்தது.

மைக்கேல் மூர் என்ற, அமெரிக்காவில் பணியாற்றிய கல்வியாளர் தொலைதூரக் கல்வியைப் பற்றி 1970களிலிருந்து எழுதி வந்தவர். அங்கே தூரம் என்பது நில அளவு அல்ல, ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையில் புரிதலில் விழும் இடைவெளி என்றார். உரையாடல் கூடினால் அந்த இடைவெளி குறையும், ஒரே அறைக்குள்ளும் அது இருக்கும். கடைசி பெஞ்சுக்கும் என் மேஜைக்கும் இருபது அடி. அந்த இருபது அடியை அவள் இரண்டு வருடம் கடக்கவில்லை. வீட்டிலிருந்து ஓர் இரவில் கடந்தாள்.

கை பிடித்து 'அ' எழுத வைக்கும் ஒன்றாம் வகுப்புக்கு இது பொருந்துமா? பொருந்தாது. அந்தக் குழந்தைக்கு டீச்சரின் கை வேண்டும், மடி வேண்டும். அந்த இடத்தை எதிரணிக்கு முழு மனதோடு விட்டுக்கொடுக்கிறேன்.

2021 ஜனவரி 19, பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டுக்கும் பள்ளி திறந்தது. முகம் முகம் என்று எதிரணி அத்தனை முறை சொன்னார்களே, அன்று நேரில் வந்த பிள்ளைகளின் முகமே தெரியவில்லை, பாதி முகம் மாஸ்க்குக்குள். வாசலில் ஒரு பெண் "டீச்சர்" என்றாள். கண்ணைப் பார்த்து நான் கண்டுபிடிக்கவில்லை. அந்தக் குரல், மாதக்கணக்கில் மழைச் சத்தத்துக்குள் கேட்ட குரல். உள்ளே போய் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்தாள்.

பிப்ரவரி 25 அன்று, 9, 10, 11 வகுப்புகளுக்குத் தேர்வு இல்லை, எல்லோரும் தேர்ச்சி என்று அரசு அறிவித்தது. மதிப்பெண்ணுக்காகத்தான் பிள்ளைகள் ஆன்லைனில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள் என்று எதிரணியில் ஒருவர் சொன்னார். அறிவிப்பு வந்த அன்று இரவு அவளிடமிருந்து படம் வந்தது, அளவியல் கணக்கு ஒன்று, பாதியில் நிற்கிறது. "இதுக்கு மேல எப்படி டீச்சர்?" தேர்வே இல்லாத கணக்கு ஐயா அது.

இப்போதும் நீலகிரியில் மழை லீவு விடாத வருடம் உண்டா? போன ஜூலையில் மரம் விழுந்து பாதை அடைத்து லீவு விட்ட அன்று, இப்போதைய பத்தாம் வகுப்புக் குழுவில் நான் எதுவும் எழுதவில்லை. சாயங்காலம் ஒரு பையனிடமிருந்து மெசேஜ்: "டீச்சர், எட்டு மணிக்குத்தானே?" பின்னாலேயே இன்னும் ஒன்பது பேர், அவரவர் பக்கம் மழை எப்படி என்று எழுதியிருந்தார்கள்.

தீர்ப்பை உங்களிடம் விடுகிறேன் நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.