கதையை மாத்திட்டாங்கன்னு அழாதீங்க, கையெழுத்து யாரு போட்டாங்கன்னு பாருங்க

வணக்கம் மக்களே. எப்பவும் போல முதல்லயே மணி அடிச்சிடறேன். காமிக்ஸ்லேர்ந்து சீரியலான இன்வின்சிபிள், வாக்கிங் டெட், தி பாய்ஸ், மூணுக்கும் ஸ்பாய்லர் வரும். பார்க்காதவங்க பார்த்துட்டு வாங்க, வீடியோ எங்கயும் ஓடிப் போயிடாது.

இன்னிக்கு கொஞ்சம் கடுப்பு. அமேசானோட கார்ட்டூன் சீரியல் இன்வின்சிபிள் பத்தி யாரு வாயைத் திறந்தாலும் ஒரே புலம்பல்: "காமிக்ஸ்ல இப்படி இல்லையே, கெடுத்துட்டாங்களே." யாரு கெடுத்தாங்க? ராபர்ட் கிர்க்மேன். கதை யாரோடது? அவரும் ஓவியர் கோரி வாக்கரும் சேர்ந்து உருவாக்கினது. முதல் எபிசோட் எழுதினது யாரு? அதுவும் கிர்க்மேன். தன் வீட்டுச் சுவரைத் தானே இடிச்சு ஜன்னல் வைக்கிறவர் மேல ஆக்கிரமிப்புன்னு புகார் கொடுக்கற மாதிரி இருக்கு.

என்ன மாத்தினாங்கன்னு சரியா பார்ப்போம். ஹீரோ மார்க்கோட அப்பா ஓம்னி-மேன், கார்டியன்ஸ்ங்கற சூப்பர்ஹீரோ கூட்டத்தைக் கொல்றது காமிக்ஸ்ல ஏழாவது இதழ். 2003ல இதழ் இதழா வாங்கிப் படிச்சவங்களுக்கு ஆறு இதழ் வரைக்கும் இது ஜாலியான ஸ்கூல் பையன் கதை. சீரியல்ல அது முதல் எபிசோட் கடைசிலயே வந்துடுது. ஏன்? ஓடிடில ஒரு எபிசோட் பார்த்துட்டு "இன்னொரு சூப்பர்ஹீரோவா"ன்னு எழுந்து போறவனை உட்கார வைக்கணும். மாசம் மூணு டாலர் கொடுத்து வாங்கற வாசகன் காத்திருப்பான், ரிமோட் கையில இருக்கறவன் காத்திருக்க மாட்டான்.

அந்த ஒரு மாற்றத்துனால இன்னொண்ணும் நடந்துச்சு. உண்மை நமக்குத் தெரிஞ்சு போச்சு, ஆனா வீட்ல இருக்கற மார்க்கோட அம்மா டெபிக்குத் தெரியாது. அந்தம்மா சந்தேகப்பட்டு, துருவித் துருவி, கண்டுபிடிக்கற அந்த முழு இழையும் சீரியலுக்காக வளர்த்தது. காமிக்ஸ்ல டெபிக்கு இவ்ளோ வேலையே கிடையாது. அப்புறம் அந்த ரயில் காட்சி! மார்க்கைப் பிடிச்சு ரயில் முன்னாடி நிறுத்துவாரே அப்பன். அது காமிக்ஸ்ல இல்லவே இல்லை. பன்னிரண்டாவது இதழ்ல சண்டை இருக்கு, அடி இருக்கு, ரயில் கிடையாது. எனக்கு சீரியல்தான் ஒசத்தி, சண்டைக்கு வர்றவங்க வரலாம்.

பிடிக்காததையும் சொல்லிடறேன். அனிமேஷன். இரண்டாவது சீசன்லேர்ந்து பின்னாடி நிக்கற கூட்டம் பொம்மை மாதிரி அசையாம நிக்குது, ரெண்டு பேர் பேசினா உதடு மட்டும் ஆடுது. அதை அவங்களே ஒரு காட்சி வச்சு கிண்டலும் பண்ணிக்கிட்டாங்க, கார்ட்டூன்ல எப்படியெல்லாம் செலவை மிச்சம் பிடிக்கிறாங்கன்னு. கிண்டல் நல்லாத்தான் இருந்துச்சு. காசு போட்டிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்.

எங்கேர்ந்து படிக்கறதுன்னு கேக்கறவங்களுக்கு. மொத்தம் 144 இதழ், 2018ல முடிஞ்சுது. மூணு கம்பெண்டியம், அதாவது பெரிய தொகுப்பு: முதல்ல 1லேர்ந்து 47, அடுத்து 48லேர்ந்து 96, கடைசில 97லேர்ந்து 144. மூணாவது சீசன் கடைசில வர்ற வில்லன் கான்குவெஸ்டோட சண்டை 65ஆவது இதழ் பக்கம் முடியும், அதாவது இரண்டாவது கம்பெண்டியத்துல. ஆனா நேரா அங்க போய் ஆரம்பிக்காதீங்க. சீரியல் வரிசையைக் கலைச்சு அடுக்கியிருக்கு. நீங்க பார்க்காத ஆள் ஒருத்தன் திடீர்னு பழைய பகையோட வந்து நிப்பான், தலையும் புரியாது வாலும் புரியாது. ஒண்ணுலேர்ந்தே வாங்க. இன்வின்சிபிள் வார்ங்கற பெரிய போர் காமிக்ஸ்ல ஒரே ஒரு இதழ், 60. கட்டத்துக்கு ஒரு சாவுன்னு பறக்கும். சீரியல்ல அதுக்கு நிறுத்தி நிதானமா இடம் கொடுத்தாங்க. இதுவும் மாற்றம்தான், யாரும் அழலையே?

ஆங், ஒண்ணு விட்டுட்டேன். கம்பெண்டியம் ஆயிரம் பக்கத்துக்கு மேல, பேப்பர்பேக், பசை போட்டு ஒட்டின முதுகு. வந்த உடனே நடுவுல பிரிச்சு அமுக்கினீங்கன்னா முதுகு ஒடிஞ்சு பக்கம் கட்டா வெளிய வந்துடும். முதுகை மேசை மேல செங்குத்தா நிறுத்துங்க. முன் அட்டையைக் கீழ சாய்ங்க, பின் அட்டையைச் சாய்ங்க. அப்புறம் முன்னாடி இருபது முப்பது பக்கம், பின்னாடி இருபது முப்பது பக்கம்னு மாத்தி மாத்தி, விரலால மெதுவா தடவிக்கிட்டே நடு வரைக்கும் வாங்க. பத்து நிமிஷ வேலை, அவசரமே படக்கூடாது. அப்பவும் ரெண்டு பக்கம் சேர்ந்த பெரிய படம் வர்ற இடத்துல நடுப்பகுதியை முதுகு விழுங்கிடும். அதுக்கு வழியே இல்லை. பெரிய படம்தான் முக்கியம்னா கெட்டி அட்டைப் பதிப்புக்குப் போங்க.

சரி, தலைப்புல சொன்ன கையெழுத்து விஷயம், அதாவது உரிமை யார் கைல இருக்குங்கறது. 1992ல மார்வெல்ல கொடிகட்டிப் பறந்த ஓவியர்கள், டாட் மெக்ஃபார்லேன், ஜிம் லீ, ராப் லைஃபெல்ட் எல்லாம் சேர்ந்து வெளிய வந்து இமேஜ் காமிக்ஸ் ஆரம்பிச்சாங்க. அங்க கணக்கு எளிமை. புத்தகம் போட இமேஜ் ஒரு நிலையான கட்டணம் எடுத்துக்கும், அச்சுச் செலவு கழியும், மிச்சம் படைப்பாளிக்கு. படம், சீரியல், பொம்மை உரிமைல இமேஜுக்குப் பங்கு கிடையாது. கேக்க சொர்க்கமா இருக்கா? பக்கத்துக்கு இவ்ளோன்னு முன்பணமும் கிடையாது. மார்வெல், டிசில வரைஞ்சா சம்பளம் வந்துடும். இங்க புத்தகம் ஓடலைன்னா ஓவியர் மாசக்கணக்குல சும்மா வரைஞ்சதாப் போயிடும். அதனாலதான் பல தொடர் நாலஞ்சு இதழோட நின்னு போகுது. கதை மோசம்னு இல்லை, ஓவியருக்கு வாடகை கட்டணும்.

சீரியல்காரங்க வரும்போது முதல்ல வாங்கறது ஆப்ஷன். உரிமையையே வாங்கறது இல்லை. "பன்னிரண்டு மாசமோ பதினெட்டு மாசமோ வேற யாருக்கும் கொடுக்காதே"ன்னு சொல்லி வழக்கமா முழு விலைல பத்து சதவீதம் மாதிரி ஒரு தொகை கொடுப்பாங்க. காலம் முடிஞ்சா இன்னொரு தவணை கொடுத்து நீட்டிக்கலாம், இல்லைன்னா உரிமை திரும்பிடும். முழுத் தொகை கைக்கு வர்றது பெரும்பாலும் படப்பிடிப்பு ஆரம்பிக்கும்போதுதான். "சீரியல் ஆகுது"ன்னு செய்தி வந்த உடனே முதல் இதழ் விலை எகிறுது பாருங்க, அது பாதி நேரம் இந்த ஆப்ஷன் செய்திதான். அதை நம்பி பழைய இதழ் வாங்கி அடுக்காதீங்க, தயவு செஞ்சு.

'போன்' (Bone)ங்கற காமிக்ஸை எடுத்துக்கோங்க. ஜெஃப் ஸ்மித், ஒஹாயோ மாநிலம் கொலம்பஸ்காரர். 1991லேர்ந்து 2004 வரைக்கும் 55 இதழ், கறுப்பு வெள்ளை, பெரும்பாலும் சொந்தப் பதிப்பகம். தொண்ணூறுகள்ல நிக்கலோடியன் படம் பண்ண வந்துச்சு, ஒத்து வரலை. 2008ல வார்னர் பிரதர்ஸ் வாங்கிச்சு, படம் வரலை. 2019ல நெட்ஃபிளிக்ஸ் சீரியல்னு அறிவிச்சாங்க, 2022ல கைவிட்டுட்டாங்க. எனக்கு வயித்தெரிச்சல்தான். ஆனா கவனிங்க, இவ்ளோ நடந்தும் புத்தகம் இன்னும் அவரோடது. குழந்தைகள் புத்தகம் போடற ஸ்கொலாஸ்டிக் 2005லேர்ந்து கலர்ல போட ஆரம்பிச்சு ஸ்கூல் பசங்க கைக்குப் போயிடுச்சு. ஒரு படமும் வராம பிழைச்ச காமிக்ஸ் அது.

இதுக்கு நேர் எதிர், ஆலன் மூர் எழுதி டேவ் கிப்பன்ஸ் வரைஞ்சு டிசி போட்ட வாட்ச்மென். 1986ல ஆரம்பிச்சது. புத்தகம் அச்சுல இல்லாமப் போனா உரிமை ஆலன் மூருக்கும் டேவ் கிப்பன்ஸுக்கும் திரும்பும்னு ஒப்பந்தம். அந்தக் காலத்துல எந்தக் காமிக்ஸும் ரொம்ப நாள் அச்சுல இருந்ததில்லை, அதனால நல்ல ஒப்பந்தமாத்தான் தெரிஞ்சிருக்கும். டிசி தொகுப்பா போட்டு இன்னிக்கு வரைக்கும் அச்சை நிறுத்தவே இல்லை. உரிமை திரும்பவே இல்லை. ஒரு வரிதான், எங்க கொண்டு போய் விட்டுச்சு பாருங்க.

இப்போ சாகா, பிரையன் கே. வான் எழுதி ஃபியோனா ஸ்டேப்பிள்ஸ் வரையற காமிக்ஸ். நான் சாகா பேச்சை எடுத்தா விலைல வந்துதான் நிப்பேன்னு உங்களுக்குத் தெரியும். 2012 மார்ச், முதல் இதழ், 44 பக்கம், ஒரு விளம்பரம் கிடையாது, 2.99 டாலர். பக்கத்துக்கு ஏழு சென்ட் கூட வரலை! அப்பவே பெரிய கம்பெனி இதழ் பல 20 பக்கத்துக்கு 3.99 போட்டுக்கிட்டு இருந்தாங்க, பக்கத்துக்கு இருபது சென்ட். இருங்க, முடியல. ஆறு இதழ் தனித்தனியா வாங்கினா 17.94. அதே ஆறும் சேர்ந்த முதல் தொகுப்பு 9.99. கிட்டத்தட்ட எட்டு டாலர் மிச்சம். அது தள்ளுபடி இல்லை, அட்டைலயே போட்ட விலை. 2018ல 54ஓட நிறுத்தி, மூணரை வருஷம் கழிச்சு 2022 ஜனவரில 55 வந்துச்சு. அதுவும் 44 பக்கம், அதே 2.99! பத்து வருஷத்துல எது விலை ஏறலை சொல்லுங்க? விலையை முடிவு பண்றது படைப்பாளி கைல இருந்தா இப்படியும் செய்யலாம்.

அட, சாகாவை எதுக்கு எடுத்தேன்னா, சீரியல் கிடையாது. பிரையன் கே. வானும் ஃபியோனா ஸ்டேப்பிள்ஸும் கொடுக்கறதாவே இல்லை. திரைல எடுக்க முடியாததைப் பண்ணணும்னே ஆரம்பிச்ச கதை. இத்தனைக்கும் வான் தொலைக்காட்சி எழுத்தாளர், லாஸ்ட் சீரியலுக்கு எழுதினவங்கள்ல ஒருத்தர், கதவு தெரியாத ஆள் இல்லை. அவரோட பேப்பர் கேர்ள்ஸ் அமேசான்ல 2022 ஜூலைல வந்து, எட்டு எபிசோட் ஓடி, செப்டம்பர்ல ரத்தாச்சு. சாகா பக்கம் இன்னும் யாரும் கை வைக்கலை. அதுல கதை சொல்ற பொண்ணு ஹேசலோட வரிகளை ஸ்டேப்பிள்ஸ் கையாலயே படத்து மேல எழுதறாங்க. பின்னணிக் குரலா போட்டா அந்த எழுத்து எங்க போகும்? வேண்டாம், அப்படியே இருக்கட்டும்.

உரிமை இருந்தா எல்லாம் சரியாயிடும்னு நினைக்காதீங்க. கிர்க்மேனோட இன்னொரு காமிக்ஸ் வாக்கிங் டெட், ஏஎம்சிங்கற அமெரிக்க சேனல்ல 2010லேர்ந்து 2022 வரைக்கும் 177 எபிசோட். லாபத்துல பங்குக்காக கிர்க்மேன் 2017ல வழக்குப் போட்டாரு, 2020ல தீர்ப்பு ஏஎம்சி பக்கம் போச்சு. சிக்கல் என்னன்னா தயாரிக்கறதும் ஏஎம்சி, ஒளிபரப்பறதும் ஏஎம்சி. தனக்குத் தானே என்ன விலைக்கு வித்துக்கிட்டோம்னு எழுதறதுலதான் லாபம் பெருசாகும், சிறுசாகும். "லாபம்"ங்கற சொல்லுக்கு ஒப்பந்தத்துல என்ன விளக்கம்னுதான் அங்க மொத்த சண்டையும். அப்புறம் முதல் ஆறு இதழ் வரைஞ்ச டோனி மூர். அவர் 2012ல கிர்க்மேன் மேலயே வழக்குப் போட்டாரு, பின்னாடி சமரசமாச்சு. ரெண்டு நண்பர்கள் சேர்ந்து காமிக்ஸ் பண்றீங்களா? முதல் பக்கம் வரையறதுக்கு முன்னாடி யாருக்கு எவ்ளோன்னு தாள்ல எழுதுங்க. யாராவது பாதில விலகினா என்னன்னும் எழுதுங்க.

தி பாய்ஸை மறந்தே போயிருப்பேன். 2006ல டிசியோட கிளைப் பதிப்பகம் வைல்ட்ஸ்டார்ம்ல வந்துச்சு, ஆறே இதழ்ல டிசி நிறுத்திடுச்சு. உரிமை எழுத்தாளர் கார்த் என்னிஸ்கிட்டயும் ஓவியர் டாரிக் ராபர்ட்சன்கிட்டயும் போனதால டைனமைட்ங்கற வேற பதிப்பகத்துல ஏழாவது இதழ்லேர்ந்து தொடர்ந்து 72ல முடிச்சாங்க. டிசி கையிலயே இருந்திருந்தா அமேசான் சீரியலுக்கு வழியே இல்லை. காமிக்ஸ்ல ஹீரோ ஹியூயி முகத்தை நடிகர் சைமன் பெக்கை வச்சு வரைஞ்சிருப்பாங்க, சீரியல்ல அதே பெக் ஹியூயிக்கு அப்பா. காமிக்ஸ்ல ஹியூயி இருக்கற கோஷ்டி எல்லாரும் காம்பவுண்ட் விங்கற சக்தி மருந்தைப் போட்டு பலசாலியா திரிவாங்க. சீரியல்ல கிமிகோவைத் தவிர மத்தவங்களை ஆரம்பத்துல வெறும் ஆளுங்களா விட்டதுதான் பயத்தையே கொண்டு வந்துச்சு. காமிக்ஸ் எனக்கு பாதிக்கு மேல ஓடலை, சொல்லிட்டேன்.

மாற்றம்னாலே துரோகம்னு சொல்றவங்க ஸ்காட் பில்கிரிம் டேக்ஸ் ஆஃப் பாருங்க, 2023, எட்டு எபிசோட். முதல் எபிசோட் அப்படியே புத்தகம் மாதிரி போய், கடைசில கதையையே கவுத்துடும். கூட உட்கார்ந்து எழுதினது புத்தகத்தைப் படைச்ச அதே பிரையன் லீ ஓ'மாலி. புத்தகத்துல பக்கத்துல நின்ன நாயகி ரமோனாவுக்கு இதுல கதையே கிடைச்சுது. முதல் நாள் சிலர் கத்தினாங்க. எனக்கு ரெண்டு ராத்திரி தூக்கம் போச்சு, சந்தோஷத்துல.

கடைசியா, வாக்கிங் டெட் எதை வாங்கறதுன்னு கேட்டுக்கிட்டே இருக்கீங்க. 193 இதழ், நாலு கம்பெண்டியம், கறுப்பு வெள்ளை. 2020லேர்ந்து டீலக்ஸ்னு கலர் பதிப்பும் இதழ் இதழா வருது, கலர் டேவ் மெக்கெய்க். கலர் நல்லா இருக்கு, அழகா இருக்கு, வேண்டாம். ஓவியர் சார்லி அட்லார்ட் கறுப்பை அடர்த்தியா போட்டு வரைஞ்சதே கலர் இல்லைன்னு தெரிஞ்சுதான், மேல க்ளிஃப் ராத்பர்ன் சாம்பல் நிறம் சேர்த்திருப்பாரு. சிறைச்சாலை இருட்டு அதுலதான் இருட்டு. முதல் கம்பெண்டியம் 48ல முடியும், 48 எப்படி முடியும்னு நான் சொல்ல மாட்டேன். ரெண்டாவதையும் சேர்த்தே ஆர்டர் போட்டுடுங்க.