கேபிள் கரையேறும் இடம்

நேயர்களுக்கு வணக்கம். கடல் ஓட்டத்தில் சுழலும் டர்பைனைப் பற்றிக் கேட்கத்தான் எல்லாருக்கும் ஆசை. இன்று அதைக் கடலிலேயே விட்டுவிடுவோம். அதிலிருந்து வரும் கேபிள் ஒரு தீவில் கரையேறி, துணை மின்நிலையத்தைச் சேரும் அந்தச் சில நூறு மீட்டர்தான் நமது பேச்சு. தீவில் முன்பே இருக்கிற கரை, குழாய், லைன் எல்லாவற்றுக்கும் சங்கடம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

ஸ்காட்லாந்தின் பென்ட்லாண்ட் நீரிணையில் மேய்ஜென் திட்டத்தின் முதல் கட்டத்தில் 1.5 மெகாவாட் டர்பைன்கள் 4 இறக்கப்பட்டன. ஓட்டம் மண்ணை வழித்துக்கொண்டு போன பாறைத் தரை அது. கேபிளைப் பாறை இடுக்குகளில் கிடத்தி, கரையருகே துளையிட்ட குழிக்குள் இழுத்தார்கள். அவ்வளவு வேகம் நம் மலாக்கா நீரிணையில் கிடையாது. ஆனாலும் சிலாங்கூரில் பந்திங்கிலிருந்து பாலம் தாண்டிக் கேரித்தீவுக்குப் போய் வருகிறவர்களுக்கு ஒன்று தெரியும்: அங்கே பாறை இல்லை, சேறு. சேற்றில் கேபிளைப் புதைப்பது சுலபம். தொல்லை அதற்கப்புறம்.

கடலோரத் தோட்டத்தில் பெருக்கு ஏறும்போது கடல் செம்பனை நிலத்தைவிட உயரமாக நிற்கும். தடுப்புக்கரையும் மதகும்தான் காவல். அந்தக் கரையை வெட்டி, கேபிளைப் போட்டு, மணலால் மூடினால் கதை முடிந்தது. மணல் வழியே நீர் கசியும், தினம் 2 பெருக்கு அழுத்த அழுத்த மண்துகளும் கூடவே கிளம்பும், கடைசியில் உள்பக்கம் ஊற்று தெரியும். அதனால் கரையை வெட்டாமல் அதற்கு அடியில் துளையிட்டுக் குழாயை இழுக்க வேண்டும். குழாய்க்கும் மண்ணுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பென்டோனைட் என்கிற, நீரில் ஊதும் களிமண்ணும் சிமெண்டும் கலந்த குழம்பால் அடைக்க வேண்டும். துளை ஆழமில்லாமல் போனால், துளையிடும்போது உள்ளே செலுத்தும் குழம்பின் அழுத்தமே சேற்றைப் பிளந்துகொண்டு மேலே பொங்கும்.

அடுத்தது தோண்டிய மண். நீலச்சாம்பல் நிறக் களிமண்ணில் பைரைட் என்கிற இரும்பும் கந்தகமும் சேர்ந்த தாது இருந்தால், காற்றுப் பட்டதும் அது கந்தக அமிலமாக மாறும். பிஎச் 4-க்கும் கீழே இறங்கிவிடும். வைக்கோல் நிறப் புள்ளிகள் கண்டால் சந்தேகப்படுங்கள். அமிலம் கால்வாயில் கலந்தால் மீனுக்கும் பயிருக்கும் கேடு, சிமெண்டையும் எர்த் கம்பியையும் அரிக்கும். தோண்டும் முன்பே மண் மாதிரி எடுத்துச் சோதித்து, சுண்ணாம்புக்கு ஏற்பாடு செய்துவிட வேண்டும்.

துணை மின்நிலையத்தைப் பைல், அதாவது ஆழமான அடித்தளத் தூண்கள், அடித்து நிறுத்துவார்கள், கட்டடம் இறங்காது. சுற்றியுள்ள களிமண் ஆண்டுக்காண்டு இறங்கும். இரண்டும் சேரும் சுவரோரத்தில் கேபிள் இழுபட்டு உறை கிழியும். அங்கே கொஞ்சம் தளர்வாக வளைத்து விடுவது பெரிய செலவில்லை. வரைபடத்தில்தான் பலருக்கு அது மறந்துபோகிறது.

எர்த் பற்றி ஒரு கணக்கு. எர்த் தடை 1 ஓம், பழுதின்போது தரைக்குள் பாயும் மின்னோட்டம் 1,500 ஆம்பியர் என்றால், நிலையத்தின் தரையே அந்த நொடிக்கு 1,500 வோல்ட் உயரும். வேலியோரம் பழைய இரும்புத் தண்ணீர்க் குழாய் போனால், அந்த வோல்ட்டேஜ் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீட்டுக் குழாயடிவரை நடந்து வரும். வேலிக்கு அருகில் குழாயின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் குழாய் இணைப்பது எளிய மருந்து.

இனி லைன். 5 மெகாவாட்டை 11 கிலோவோல்ட்டில் அனுப்பினால் சுமார் 262 ஆம்பியர், 33 கிலோவோல்ட்டில் 87. சின்னத் தீவின் 11 கிலோவோல்ட் லைன் பெரும்பாலும் இந்தச் சுமைக்காகப் போட்டதல்ல. நள்ளிரவில் வீடுகள் விளக்கணைத்த நேரத்தில் ஓட்டம் உச்சத்தில் இருந்தால் வோல்ட்டேஜ் ஏறும். நம் மலேசியாவில் 230 வோல்ட்டுக்கு மேல் எல்லை 253, கீழ் எல்லை 216. கேபிளும் தன் பங்குக்கு வோல்ட்டேஜைத் தூக்கும்: கிலோமீட்டருக்கு 0.2 மைக்ரோஃபாரட் மின்தேக்கம் உள்ள 33 கிலோவோல்ட் கேபிள், கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 70 கிலோவார் (வேலை செய்யாமல் வோல்ட்டேஜைத் தூக்கும் எதிர்வினைத் திறனின் அளவு) கொடுக்கும். கேபிள் நீளமென்றால் அதை உறிஞ்ச ரியாக்டர் என்கிற கம்பிச்சுருள் வேண்டியிருக்கும். ஸ்காட்லாந்தின் ஓர்க்னித் தீவுகளைப் பெருநிலத்தோடு இணைப்பவை 33 கிலோவோல்ட் கடலடிக் கேபிள்கள் 2. அவற்றில் இடமில்லாத நேரங்களில் அங்கே காற்றாலைகளையே நிறுத்தி வைக்கிறார்கள்.

மதிப்பீட்டில் அதிகம் சறுக்குவது அளவெடுக்கும் நாட்களில். வோல்ட்டேஜ் பதிவு ஒரு வாரம் என்பது வழக்கம். கடலுக்கு அது பற்றாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓட்டம் வலுக்கும்; அஷ்டமியை ஒட்டித் தளரும். வேகம் பாதியானால் மின்சாரம் எட்டில் ஒன்று. தளர்ந்த வாரத்தில் பதிவு எடுத்தால் எல்லாம் நலம் என்றே தாள் சொல்லும். குறைந்தது 15 நாள், முடிந்தால் 30. மீட்டரை நிலையத்தில் மட்டும் வைத்துவிட்டுப் போகாமல், லைனின் கடைசி வீட்டிலும் ஒன்று மாட்டுங்கள்.

வணக்கம்.