20க்கு 12 வந்தால் திட்டாதீர்கள்! பிரான்ஸ் லிசே பற்றிக் கொஞ்சம் பேசலாம்

எல்லோருக்கும் வணக்கம். இன்றைக்கு வெளியே எங்கேயும் போகவில்லை, உட்கார்ந்து பேசத்தான் போகிறேன். போன வீடியோவுக்குக் கீழே வந்த கேள்விகளைப் படித்தேன், பாரிசைச் சுற்றி இருக்கும் நம் அம்மா அப்பாக்கள் பலர் ஒரே விஷயத்தைத்தான் கேட்டிருக்கிறீர்கள்: பிள்ளைக்கு 20க்கு 12 வந்திருக்கிறது, டியூஷன் போடவா? நான் ஒரு லிசேயில், அதாவது இங்கே 15 முதல் 18 வயதுப் பிள்ளைகள் படிக்கும் மேல்நிலைப் பள்ளியில், பகுதி நேரமாகக் கண்காணிப்பாளர் வேலை பார்க்கிறேன், பிள்ளைகள் பியோன் என்று சொல்வார்களே, அதுதான். காலையில் கேட்டில் நிற்பேன், வராதவர்களைப் பதிவேன், ஆசிரியர் வராத நேரத்தில் பிள்ளைகளோடு பெர்மனான்ஸ் என்ற படிப்பறையில் உட்காருவேன், மத்தியானம் கன்டீன் வரிசையைப் பார்ப்பேன். அதனால் மார்க் வந்த நாளில் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்தே எனக்குத் தெரியும்.

முதலில் அந்த 12. அதை நீங்கள் மனதுக்குள் 100க்கு 60 என்று மாற்றிப் பார்க்கிறீர்கள், ஊரில் 60 வாங்கினால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பயப்படுகிறீர்கள். தயவுசெய்து மாற்றாதீர்கள். லிசே முடிவில் எழுதும் பக் தேர்வில் 20க்கு 10 எடுத்தாலே பாஸ். 12க்கு மேல் போனால் 'அசே பியான்', 14க்கு மேல் 'பியான்', 16க்கு மேல் 'த்ரே பியான்' என்று பாராட்டோடு சான்றிதழ் கிடைக்கும். பிரெஞ்சு, வரலாறு, தத்துவம் மாதிரி கட்டுரை எழுதும் பாடங்களில் 15 வாங்கிய பிள்ளையை வகுப்பே திரும்பிப் பார்க்கும். 20 கடவுளுக்கு, 19 ஆசிரியருக்கு என்று இங்கே பழைய பேச்சே ஒன்று உண்டு. பள்ளி மார்க் போடும் ப்ரோனோட் ஆப்பில் பிள்ளையின் மார்க் பக்கத்தில் பெரும்பாலும் வகுப்புச் சராசரியும் இருக்கும், கண் முதலில் அங்கே போகட்டும். சராசரி 9 இருக்கும் தேர்வில் 12 வாங்கிய பிள்ளைக்கு அன்றைக்குப் பிடித்த சாப்பாடு செய்து கொடுக்கலாம், சராசரி 15 என்றால் மட்டும் என்ன நடந்தது என்று மெதுவாகக் கேளுங்கள்.

ப்ரோனோட் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஆசிரியர் மார்க்கைப் போட்ட அந்த நிமிடமே உங்கள் போனில் மணி அடிக்கிறது, பிள்ளை அப்போது நண்பர்களோடு கன்டீனில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். 2018 சட்டம் ஆரம்பப் பள்ளியிலும் கொலேஜிலும், அதாவது நடுநிலைப் பள்ளியிலும், போனைத் தடுத்தது, லிசேயை அந்தந்த இடத்து விதிக்கு விட்டது, அதனால் பல லிசேக்களில் மத்தியானம் போன் கையிலேயே இருக்கும். ஏன் இவ்வளவு குறைவு என்று உங்கள் மெசேஜ் வரும். அந்தப் பிள்ளை சாப்பாட்டை அப்படியே தள்ளி வைப்பதை நான் பார்த்திருக்கிறேன், சாயங்காலம் 6 மணி வரை வகுப்பு பாக்கி இருக்கும் நாளில்! வீட்டுக்கு வந்த பிறகு கேளுங்களேன், மார்க் எங்கேயும் ஓடிப்போகாது.

சரி, மார்க்கைவிட நீங்கள் கவனிக்க வேண்டியது, அதுவும் பிள்ளை பல்கலைக்கழகம் போக வேண்டும் என்று கனவு காண்பவர்கள், பருவ அறிக்கையில் ஒவ்வொரு ஆசிரியரும் எழுதும் அந்த ஒரு வரி. வகுப்புக் கூட்டத்தில் ஆசிரியர்கள், பெற்றோர் பிரதிநிதிகள், மாணவர் பிரதிநிதிகள் இரண்டு பேர் எல்லோரும் உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் பேசுவார்கள். பிறகு அந்த அறிக்கைகள், லிசேயின் கடைசி இரண்டு வருடங்களான பிரீமியேர், தெர்மினால் இரண்டினுடையவையும், மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் பார்கூர்சுப் இணையதளத்துக்குப் போகின்றன. 2018இல் வந்த இந்தத் தளத்தில் பிள்ளை 10 விருப்பங்கள் வரை போடலாம், போடும்போது வரிசைப்படுத்த வேண்டியதில்லை, ஒவ்வொரு கல்வி நிலையமும் அறிக்கைகளைத் தன் பாட்டுக்குப் பார்க்கும். 'திறமை இருக்கிறது, வாய் திறப்பதில்லை' என்ற வரி நம் பிள்ளைகளுக்கு நிறைய வருகிறது. வீட்டில் பெரியவர்கள் முன்னால் பேசாதே என்று வளர்த்துவிட்டு, வகுப்பில் கை தூக்கிப் பேசு என்றால் பிள்ளை என்ன செய்யும்? இதை வீட்டிலேயே பழக்கலாம், சாப்பிடும்போது ஒரு செய்தியைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்று கேளுங்கள், பிள்ளை சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாமல் இருங்கள்.

அப்புறம், அறிவியல் பிரிவான எஸ் எடுக்கச் சொல்லுங்கள் என்று இன்னமும் சில மாமாக்கள் அறிவுரை சொல்கிறார்கள். இலக்கியத்துக்கு எல், பொருளாதாரத்துக்கு ஈஎஸ், அறிவியலுக்கு எஸ் என்ற பிரிவெல்லாம் போய்விட்டது, 2021 பக் முதல் புது முறைதான். பொதுப் பிரிவில் பிரீமியேரில் 3 சிறப்புப் பாடம், தெர்மினாலில் அதில் 2. மொத்த மதிப்பெண்ணில் 40 சதவீதம் வருடம் முழுக்க வகுப்பில் வாங்கும் மார்க்குகளிலிருந்து, 60 சதவீதம் தேர்வுகளிலிருந்து. ஆகவே நவம்பரில் வாங்கிய மார்க்கும் கணக்கில் சேர்கிறது, கடைசி மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்பது இங்கே நடக்காது.

எனக்கு இந்த ஊர்ப் படிப்பில் மிகவும் பிடித்தது தத்துவத் தேர்வு. பொது லிசேயோ தொழில்நுட்ப லிசேயோ, 17, 18 வயதுப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே காலையில் உட்கார்ந்து 4 மணி நேரம் எழுதுகிறார்கள். 2024இல் பொதுப் பிரிவுக்கு வந்த ஒரு கேள்வி, அரசு நமக்கு ஏதாவது கடன்பட்டிருக்கிறதா? 2025இல், உண்மை எப்போதும் நம்ப வைக்குமா? கணக்கிலேயே மூழ்கியிருந்த பிள்ளையும் தொழில்நுட்பப் பிரிவில் ஹோட்டல் துறை படிக்கும் பிள்ளையும் இப்படி ஒரு கேள்விக்குத் தன் சொந்த வாதத்தை எழுத வேண்டும், எனக்கு அது பெரிய மரியாதையாகத் தெரிகிறது. புதுச்சேரியில் 1826 முதல் ஒரு பிரெஞ்சு லிசே இருக்கிறது தெரியுமா? முன்பெல்லாம் அங்கே பக் தேர்வு முதலிலேயே, ஏப்ரலில் நடந்துவிடும், இங்கே பிரான்ஸில் பிள்ளைகள் புதுச்சேரி கேள்வித்தாளை வைத்துத்தான் ஜூன் தேர்வுக்குப் பழகுவார்கள்.

மங்கா என்ற ஜப்பானியப் படக்கதைகள் பற்றியும் நிறையப் பேர் குறை சொல்லியிருக்கிறீர்கள். நூலகத்தில் அந்த அலமாரிதான் எப்போதும் காலி, புதன் மத்தியானம் வகுப்பு இல்லாத நேரத்தில் கடைத் தரையில் உட்கார்ந்து படிக்கிற கூட்டமும் இதுதான். புத்தகம், சினிமா மாதிரி விஷயங்களுக்கு அரசு பிள்ளைகளுக்குக் கொடுக்கும் கல்ச்சர் பாஸ் பணத்தில், 2025 மார்ச் முதல் 17 வயதில் 50 யூரோவும் 18இல் 150 யூரோவும், அதையே வாங்குகிறார்கள் என்று கோபப்படாதீர்கள். புத்தகக் கடைக்குள் தானாகப் போகும் பிள்ளை அது. அடுத்த முறை கூடவே போய் பிள்ளையின் கையில் இருப்பதைப் பற்றிக் கேளுங்கள்.

தெர்மினால் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு ஒரு கடைசி விஷயம். பக் முடிவு ஜூலை தொடக்கத்தில் வரும். 8க்கும் 10க்கும் இடையில் வந்தால் பெயில் ஆகிவிட்டதாக அழாதீர்கள், இரண்டு பாடத்தில் வாய்மொழித் தேர்வு கொடுத்துத் தேறலாம், ஆனால் பாடத்தை உடனே தேர்ந்தெடுக்க வேண்டும், தேர்வும் அடுத்த சில நாட்களுக்குள் நடந்துவிடும். விமானக் கட்டணம் ஏறிவிடும் என்று ஜனவரியிலேயே ஊருக்கு டிக்கெட் போடுகிறீர்கள் அல்லவா, இந்த ஒரு வருடம் மட்டும் ஜூலை நடுவுக்குப் பிறகு போடுங்கள்.